பூசணி வண்டிக்கு வந்த வசவுகள்

இடைவேளை முடிந்து விளக்கு அணைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மீனலோசனி நினைத்திருந்தாள். விளக்கு அணைந்துவிட்டது. சரி, படம் முடிந்து சொல்லலாம், வெளியே போய் அண்ணன் ஸ்கூட்டரை எடுக்கும்போது, பின்னால் உட்கார்ந்தபடி. முதுகைப் பார்த்துச் சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதரிடம் சொல்லி, அவர் கொண்டுபோய் எதிலாவது விட்டுவிட்டால்? அப்படியானால் வீட்டுக்குப் போனபிறகு. வீட்டில் என்றால் அவர் உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார், அவருடைய இருமல் சத்தம் திரும்பி வருகிறதா என்று அவள் மாடி போர்ஷனிலிருந்து காது கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் அண்ணன் சதானந்தம் இரண்டு பேருக்குமான கைப்பிடியைத் தான் ஒருவரே எடுத்துக்கொண்டு, முழங்கையை அகட்டி, பாப்கார்னை ஒவ்வொன்றாக, ஏதோ மாத்திரை போடுவதுபோல, வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், இரண்டு பேருக்கானது எல்லாம் அவருக்கு. 'அண்ணே, மூணாவது பாகத்துக்கு வேற குரல் போடப்போறாங்களாம்.' அவ்வளவுதான் வரி. வரி எழுதுவதுதான் அவள் தொழில், அதுவும் டப்பிங் படங்களில் அடுத்தவர் வாய் அசைவுக்கு அளந்து எழுதுகிற வரி. இந்த ஒரு வரிக்கு மட்டும் அவள் வாயே ஒத்துவரவில்லை. திரையில் பூசணி வண்டி அரண்மனை வாசலில் வந்து நின்றது. அதன் கதவு திறந்தது. கதவுதான் அதற்கு வாய். திறந்தால் பேச்சு, சாத்தினால் முடிந்தது. திறந்த கதவுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது, மூச்சு வாங்கியபடி, படியேறி வந்த கிழவனின் குரல்போல. பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார், "யாருடா இந்தாளு, ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வந்து பேசிட்டுப் போயிருக்கான்." அவருடைய மனைவி, "ஏங்க, ஏசி போட்டிருக்காங்களா இல்லையா?" என்றாள். "வண்டிக்கே மூச்சு வாங்குது, உனக்கு ஏசி கேக்குதா." குழந்தைகள் சிரித்தன. படத்துக்குச் சிரிக்காத குழந்தைகள் அப்பாவுக்குச் சிரித்தன. மீனலோசனி திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கமும் பார்க்கவில்லை. பார்வையைத் திரையில் ஆணியடித்து வைத்தாள். பாப்கார்ன் கடிபடும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

பின்வரிசைக்காரர் சொன்னது ஒன்றுமே இல்லை. படம் வெளியானதிலிருந்து அவள் படித்துக்கொண்டிருப்பதோடு ஒப்பிட்டால் அது தாலாட்டு. பஸ்ஸில் படித்தாள், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு படித்தாள், சாதம் குக்கரில் விசில் போடுகிற நேரத்தில் ஒரு கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். முதல் பாகத்துல வண்டி பேசினா சிரிப்பு, இதுல வண்டி பேசினா வீஸிங். வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சிருச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோங்கப்பா. படத்துல சூப்பர்னா அது இன்டர்வெல்ல விக்கிற பாப்கார்ன்தான். அந்தப் பூசணிக்காயை நாலு தெரு முக்குல போட்டு உடைச்சிருந்தா திருஷ்டியாவது கழிஞ்சிருக்கும். யார் பெற்ற பிள்ளைகள் இவர்கள், எந்த வேலைவெட்டிக்கு நடுவில் இதை உட்கார்ந்து எழுதுகிறார்கள், எழுதிவிட்டு முகம் கழுவிக்கொண்டு சாப்பிடப் போவார்களா? அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து ஸ்டூடியோ இருட்டறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்கவைத்து, அந்தக் கதவு சாத்துவதற்குள் ஒரு வரி சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லுடா, சொல்லு பார்க்கலாம். இப்படித்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். ஆனால் அவளுக்கே தெரியும், அது முழு உண்மை இல்லை. படிக்கும்போதே அவள் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. குரலைத் திட்டினவை ஒரு பக்கம், வசனத்தைத் திட்டினவை ஒரு பக்கம். வசனம் எழுதினது மெஷினா மனுஷனா என்று ஒருவன் கேட்டிருந்தான். தமிழ் வாத்தியார் ஒருத்தர் பூசணிக்காய்க்குள்ள மாட்டிக்கிட்டார்போல, யாராச்சும் காப்பாத்துங்க என்று ஒருத்தி எழுதியிருந்தாள், அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. அதைப் படித்த அன்று மீனலோசனியால் சாப்பிட முடியவில்லை. அதற்கு அடுத்ததாகவே 'வசனம்கூட ஓகே, அந்தக் கிழட்டுக் குரல்தான் தாங்கல' என்று ஒன்று வந்ததும் பசித்தது. உண்மையிலேயே பசித்தது, எழுந்துபோய் தட்டை எடுத்தாள். அண்ணனை ஒருவன் கிழவன் என்று திட்டினால் அவளுக்கு ரசம் சாதம் இறங்குகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அவர் மத்தியானம் மத்தியானம் மாடிப்படி கீழே நின்று, "லோசனி, என்ன சொல்றாங்க ஜனங்க?" என்று கேட்பார். அவருக்குப் போனில் அதையெல்லாம் தேடிப் பார்க்கத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "கலவையா இருக்கு அண்ணே" என்பாள். கலவையாம். அவர் படியில் ஒரு காலை வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார், இன்னும் ஏதாவது சொல்வாள் என்பதுபோல, அல்லது தான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோல. அவள் கதவை ஒருக்களித்துக்கொள்வாள்.

ரெக்ஸ் போன வாரம் கூப்பிட்டிருந்தான். டப்பிங் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறவன், எந்தக் கெட்ட செய்தியையும் சாக்லேட் தாளில் சுற்றித் தருகிறவன். "மேடம், சதா சாருக்குக் குரல் போயிடுச்சு. ஜனங்க போட்டுக் கிழிக்கிறாங்க, பாக்கறீங்கல்ல. மூணாவதுக்கு வேற ஆளைப் பாக்கறோம். நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்க வீட்டு மனுஷி, பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க." பக்குவமா. மாவு புளிக்கவைக்கிறதா, பக்குவம் பார்க்க? அவள் கத்தியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க உங்கள் ஸ்டூடியோவில் கூட்டத்தோடு கோவிந்தாவாகக் கத்திக்கொண்டிருந்த மனிதர் அவர், 'தீப்பிடிச்சிருச்சு, ஓடுங்க', 'ஐயோ டாக்டரைக் கூப்பிடுங்க', 'தீர்ப்பை வாசிங்க எஜமான்', எந்த நாட்டுப் படமானாலும் கூட்டத்தில் ஒரு குரல் அவருடையது, பேர் கிடையாது, தலைமுடி வெளுத்தபிறகு அந்த முதல் பூசணி வண்டிதான் அவருக்கு ஒரு பேரைக் கொடுத்தது, பெட்டிக்கடையில் பிள்ளைகள் 'வண்டித் தாத்தா, ஒருவாட்டி பேசுங்க' என்று மொய்த்துக்கொள்ள, அவர் வெட்கப்படுவதுபோல் நடித்துவிட்டுப் பேசுவார், நடுராத்திரி தாண்டியும் பூசணியாகத் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக் காட்டுக்குள் ஓடிப்போன அந்த வண்டியாக, அதைப் பிடுங்கினால் அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் கேட்டது, "அப்ப வசனம், ரெக்ஸ்?" என்றுதான். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு அவன், "உங்களுக்கென்ன மேடம்" என்றான். உங்களுக்கென்ன மேடம். அதை அவள் அன்றிலிருந்து நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கென்ன குறை என்பதா, உங்களுக்கென்ன கவலை என்பதா? குரலில் சிரிப்பு இருந்ததா? இருந்ததுபோலத்தான் இருந்தது. ரெக்ஸ் எப்போதும் சிரிப்பதுபோலத்தான் பேசுவான். அந்த மௌனம் சிக்னல் போனதாகவும் இருக்கலாம். போதும். குளிர்கிறது. ஏசி போட்டுத்தான் இருக்கிறார்கள், பின்வரிசைப் பெண்மணிக்கு என்ன உடம்போ. தரையில் யாரோ கூல்டிரிங்க்ஸைக் கொட்டியிருக்கிறார்கள், செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. பிரிகிற சத்தம் அண்ணனுக்குக் கேட்டால் கால் ஆட்டாதே என்பார். நாற்பத்தெட்டு வயதானவளைப் பார்த்து இப்போதும் சொல்வார்.

கதவு சாத்திக்கொண்டது. திரையில் கதவு சாத்தியபிறகும் அண்ணனின் குரல் ஒரு சொல்லைத் துப்பிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி, "அம்மா, மூடினப்புறமும் பேசுது" என்றாள். அந்த இடம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்டூடியோவில் அன்று அவர் ஹெட்போனைக் கழற்றி, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "லோசனி, கதவு சாத்தியாச்சு, உன் வரி இன்னும் வாசல்லயே நிக்குது" என்றார். சவுண்டு பார்க்கிற ஆள் சிரித்தான். அவளுக்கு முகம் சுட்டது. "கொஞ்சம் வேகமா சொல்லுங்க அண்ணே, வந்துடும்." "வேகமா சொன்னா சிரிப்பு வராதுடி, இருமல்தான் வரும். வெட்டு." "எதை வெட்டறது? வெட்டினா அர்த்தமே இல்ல." "பூசணிக்காய்க்கு எதுக்குடி அவ்வளவு அர்த்தம்?" அவள் வெட்டவில்லை. ஒரு சொல்லைக்கூட விட்டுத்தரவில்லை. அவருக்கு எப்படித் தெரியும், ஊருக்குத் திரும்பிவருமுன் வெளிநாட்டில், பிரிஸ்பேனில் இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க வேறு பாஷையில் அடுத்தவர் வீட்டு வெள்ளத்துக்கும் தீக்கும் பதில் எழுதிவிட்டு, காரில் திரும்பும்போது அவள் தனக்குத்தானே தமிழில் முழு வாக்கியங்களாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவாள் என்று? எதிரே யாரும் இல்லை, சிக்னலில் நிற்கிற வண்டிகள்தான், அவள் சொல்லிக்கொண்டே வருவாள், மழை வருமென்று தோன்றுகிறது, ஆனாலும் துணிகளை எடுக்க எனக்கு மனமில்லை, என்பதுபோல. அங்கே வீட்டில் கணவர் என்று பேச ஆள் இருந்தவரைக்கும் அவரிடம் பேச எதுவும் இல்லாமல் போயிற்று, பிறகு அவரும் இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். விமான நிலையத்தில் அண்ணன் முதலில் கேட்டது, "எத்தனை நாள் இருப்பே?" அதை அவள் மறக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார், மாடி போர்ஷனுக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டுத்தான் கேட்டார், என்றாலும் கேட்டார். அப்புறம் வந்த ஊரில் எல்லாரும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறார்கள், மீதியைக் கையாலும் புருவத்தாலும் முடித்துக்கொள்கிறார்கள், அவள் ஒருத்திதான் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டு நிற்கிறாள், காய்கறிக்காரர்கூட, "சரிம்மா, புரிஞ்சிருச்சு" என்கிறார். "நீ பேசறது ரேடியோ நியூஸ் மாதிரி இருக்குடி" என்பார் அண்ணன். ஆனால் அவர்தான் ரெக்ஸிடம் கூட்டிக்கொண்டு போனார். "என் தங்கச்சி. ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு. எழுதவிட்டுப் பாருங்க." அந்த உபகாரம் நெஞ்சில் மீன் முள்போல நிற்கிறது. உபகாரம் செய்தவரை வெட்டச் சொல்லி அவள் கையிலேயே கத்தி. இல்லை, அவளா வெட்டினாள்? ஜனங்கள் வெட்டினார்கள். ரெக்ஸ் வெட்டினான். அவள் சேதி சொல்கிறவள். சேதி சொல்கிறவள் எதற்குப் பசியோடு சாப்பிட்டாள்?

திரையில் தேவதை வந்துவிட்டாள். தான் மந்திரம் போட்டு வண்டியாக்கிய பூசணியைத் தேடிக்கொண்டு முதல் பாகத்திலிருந்து அலைகிற கிழட்டுத் தேவதை, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறாள், சக்கரத்தை மோந்து பார்க்கிறாள். மீனலோசனி பயந்துகொண்டிருந்த இடம் வருகிறது. "யார் நீ?" என்று தேவதை கேட்பாள். இதற்கு அவள் எழுதியிருந்தது இன்றும் மனப்பாடம். ஒருகாலத்தில் தோட்டத்து மண்ணில் கிடந்தேன், இன்று அரண்மனை வாசலில் நிற்கிறேன், நாளை என்னவாக இருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பாட்டு மேஜையில், சத்தம் நிறுத்திய படத்தைப் பார்த்தபடி, வாயைத் திறக்காமல் கண்ணாலேயே எழுதியது. மற்றவர்கள் எழுதும்போது முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார்களாம், வாயை அசைத்து அசைத்து, பைத்தியம்போல. அவள் அப்படிச் செய்யமாட்டாள். எழுதி முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது, இந்தப் படத்திலேயே தான் உண்மையாக எழுதியது இது ஒன்றுதான் என்று. அண்ணன் அதை ஒருமுறை சொன்னார், கதவு சாத்திக்கொண்டது. இரண்டாம் முறை சொன்னார், இருமினார். மூன்றாம் முறை அவளைக் கேட்காமல், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் பாட்டுக்கு ஒன்றைச் சொன்னார். ரெக்ஸ் கைதட்டிவிட்டான், அதுவே இருக்கட்டும் சார் என்றான். அன்றைக்கு முழுவதும் அவள் அண்ணனோடு பேசவில்லை, ஸ்கூட்டரில் வராமல் பஸ்ஸில் வந்தாள். இப்போது தேவதை கேட்டாள், "யார் நீ?" கதவு கொஞ்சமாகத் திறந்தது. "வாடகை வண்டி," என்றது பூசணி. கதவு சாத்திக்கொண்டது.

கொட்டகை சிரித்தது. முன்வரிசை, நடுவரிசை, முன்னாலிருந்த சிறுமி நாற்காலியிலேயே எழும்பிக் குதித்து, "வாடகை வண்டியாம்மா, வாடகை வண்டியாம்!" பின்வரிசைக்காரர்கூட, "அப்படிப் போடு" என்று தொடையில் தட்டினார். மீனலோசனி சிரிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் மூச்சு வாங்கவில்லை. கிழடு இல்லை, கரகரப்பு இல்லை, முதல் பாகத்தில் இருந்த அதே உருண்டை, கிணற்றுக்குள் குடம் இறங்குவதுபோன்ற அதே அடித்தொண்டைக் கனம். அப்படியானால் குரல் போகவில்லை. குரல் அங்கேயேதான் இருக்கிறது. அப்படியானால் மற்ற இடத்திலெல்லாம் அதை மூச்சுமுட்ட ஓடவிட்டது என்ன, யார், எந்த... அவள் நிறுத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் முடிக்காமல் விட்ட ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். இருமல் இருக்கிறதல்லவா அவருக்கு, சிகரெட்டை விட்டாரா, எத்தனை தடவை சொல்லியாயிற்று. இன்னொரு டேக் போகலாம் என்றால் போக மாட்டார், அவருக்கும் திமிர் இல்லையா. ரெக்ஸைக் கூப்பிட்டுச் சொல்லலாம். என்னவென்று சொல்வாள்? ரெக்ஸ், அந்த ஒரு இடத்தைக் கேட்டுப் பாருங்கள், குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று. அவன் கேட்பான், அப்புறம் ஏன் மேடம் மத்த இடத்துல அப்படி? அதற்கு அவள் என்ன சொல்வாள்? போனை வைத்துவிடுவாள். உங்களுக்கென்ன மேடம். அவள் மெல்லக் கண்ணைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அவர் முகம் நீலமாக இருந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள், அவர் சிரிக்கவில்லை. ஜெயித்தவர்போலவும் இல்லை. பாப்கார்ன் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. அவள் பார்த்ததும் சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லிவிடு, இப்போதே, இந்தச் சிரிப்பின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அண்ணே, என்று வாயைத் திறந்தாள். "என்ன?" என்றார், திரும்பாமல், கொஞ்சம் அவசரமாக. "பாப்கார்ன்." அவர் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். அடியில் பொரியாத சோளம்தான் கிடந்தது.

பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யார் பெயரும் தெரியவில்லை, எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ போயிற்று. வெளியே மத்தியான வெயில் கண்ணில் அறைந்தது. கொட்டகை வாசலில், வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குத்தான் நிற்பார்கள் என்று அவள் நினைத்திருந்த, விமர்சனம் கேட்கிற கூட்டம், இன்றும் நின்றது. ஒரு பெண் மைக்கை நீட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஒருவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களை மறித்து மறித்து. பின்வரிசைக்காரர் குடும்பத்தோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார், "படமாங்க இது? பசங்க சிரிச்சது ஒரே இடம். காசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க." மீனலோசனி ஒதுங்கிப் போகப் பார்த்தாள். சதானந்தம் ஒதுங்கவில்லை. தலைமுடியை விரலால் கோதிக்கொண்டு நேராக மைக்குக்கு முன்னால் போய் நின்றார். மைக்கைக் கண்டால் அவருக்குக் கால் தானாக அங்கே போய்விடும். "சொல்லுங்க சார், படம் எப்படி?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "படம் பரவாயில்லம்மா. வசனந்தான் சரியில்ல." "ஏன் சார்?" "நீளம். பூசணிக்காய் பேசற பேச்சா அது? பட்டிமன்றத்துல நடுவர் பேசற மாதிரி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீனலோசனிக்குக் காது அடைத்தது. வெயில் வெள்ளை வெளேரென்று நின்றது. அவர் கேமராவையே பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில், மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பிப்பதுபோல், "அடுத்த பாகத்துக்கு வசனம் எழுத வேற ஆளைப் போடறாங்களாம். கம்பெனியில முடிவு பண்ணிட்டாங்க" என்றார். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" "தெரியும்மா." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் நிற்பதற்கு அந்தக் கழுத்து எவ்வளவு பாடுபடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் கொட்டகைக்குள் அவள் கழுத்தும் அப்படித்தான் நின்றது. மாடிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது இதற்குத்தானா? என்ன சொல்றாங்க ஜனங்க, என்று அவர் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லையா? அவரும் பிரித்துப் பிரித்துப் படித்தாரா? வசனத்தை ஒருவன் திட்டினால் அவருக்கும் சாதம் இறங்கியதா? கோபம் காலிலிருந்து ஏறியது. கூட்டத்துக்கு நடுவில், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, தங்கச்சியிடம் ஒரு வரி சொல்ல ஊருக்கே மைக் வேண்டியிருக்கிறது இந்த மனிதருக்கு. "நீங்க சொல்லுங்கக்கா," மைக் அவள் முகவாய்க்கு வந்துவிட்டது, "குரல் எப்படி இருந்தது, அந்த வண்டிக்கு?" பக்குவமாகச் சொல்ல என்று வாரம் முழுக்க அவள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் இருந்தது, வயதைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, காலம் மாறுவதைச் சொல்லி, சுற்றி வளைத்து. அதில் ஒன்றும் வரவில்லை.

"குரல் குடுத்தவரையும் மாத்தறாங்க."

சதானந்தம் திரும்பினார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "யார் சொன்னது?"

"ரெக்ஸ்."

"எப்ப?"

"போன வாரம்."

"எனக்கும் போன வாரந்தான்." அவர் சட்டைப் பையைத் தடவினார், எதையும் எடுக்கவில்லை. "நீங்க வீட்டு மனுஷன், பக்குவமா சொல்லிடுங்கன்னான்."

"இதான் பக்குவமா அண்ணே?"

"நீ சொன்னியே, அது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அடித்துக்கொள்ளப் போகிறவர்கள்போல. கேமராக்காரன் ஓரடி பின்னால் போய் இருவரையும் சேர்த்துப் பிடித்தான். மைக் வைத்திருந்த பெண்ணுக்கு ஏதோ மாட்டிவிட்டது என்று புரிந்து, கண் பளபளத்தது. "சார், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் யாரு?"

சதானந்தம் மைக்கைக் கையால் விலக்கினார்.

"யாருமில்லம்மா," என்றார், "படம் பாக்க வந்தோம்."

மீனலோசனி ஆமாம் என்று தலையாட்டினாள்.